பக்கத்தின் மேலே உ

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. கெபாசிட்டர் போய்விட்டது என்றான் மெக்கானிக். போன மாதமும் இதையேதான் சொன்னான். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் மறுபடி வலிக்கிறது.

பதினொரு மணிக்குத் துறைக் கூட்டம். நூலகக் கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி எழுப்பப் போகிறார்களாம். விஜயதசமியன்று திறப்பு. பழைய தூண்கள் சாதாரண காங்கிரீட் தளத்தின் பாரத்தைத் தாங்காது. அதனால் எடை குறைந்த காங்கிரீட். கருங்கல் ஜல்லிக்குப் பதிலாக, அனல்மின் நிலையச் சாம்பலை உருட்டிச் சுட்டெடுத்த உருண்டைகளைப் போடுவது. கோலிக்குண்டு மாதிரி இருக்கும். கொத்தனார்கள் கோலி என்றே சொல்வார்கள். தளத்தின் எடையில் கால் பங்கு குறையும். கலவை விகிதம் யாருடையது? எங்கள் கல்லூரி முதல்வர் டாக்டர் சென்னியப்பனுடையது. அவருடைய சொந்த ஆராய்ச்சி. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஆய்வேடு, அட்டவணை 4.3.

கூட்டம் கலைந்தபோது எல்லார் முன்னிலையிலும் சென்னியப்பன் என் தோளில் கை போட்டான். அவன் நெற்றித் திருநீறு என் சட்டையில் உதிர்ந்தது.

"நம்ம அறவாழிக்கு எல்லாந் தெரியும். அந்தக் காலத்துல எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தாரு."

ஒத்தாசை. ஐம்பத்து மூன்று வயதில் நான் இங்கே சோதனைக்கூடப் பொறுப்பாளர். மற்றவர்கள் வார்த்த காங்கிரீட் க்யூப்களை மெஷினில் வைத்து நசுக்கி எத்தனை தாங்கியது என்று எழுதிக் கொடுப்பவன். ஒத்தாசைக்காரன்.

ஆகஸ்ட் 21, புதன்

இதை ஒருமுறை எழுதி வைத்துவிட வேண்டும்.

நானும் சென்னியப்பனும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு மாணவர்கள். மூன்று வருடம் நான் கோலியைக் கலக்கினேன், அவன் கோவிலுக்குப் போனான். என்னிடம் ஏழு நோட்டுகள் சேர்ந்தன. கோலி உள்ளுக்குள் முழுக்கத் துளை. அதைக் காய்ந்தபடியே கலக்கும் மெஷினில் கொட்டினால் கலவைக்கு விட்ட தண்ணீரைத் தானே குடித்துவிடும். சிமெண்டுக்கு மிஞ்சாது. ஆகவே ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் ஊறப் போட்டு, வடித்து, மேற்பரப்பு மட்டும் காய்ந்த பிறகு கலக்க வேண்டும். அப்படி ஊறவைத்துச் செய்த சோதனைகள் அத்தனையும் மூன்றாவது நோட்டில் இருந்தன. அடையாளத்துக்கு ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ‘உ’ என்று போட்டேன். உறிஞ்சியது என்பதன் முதல் எழுத்து. மற்ற ஆறு நோட்டுகளில் வேறு சோதனைகள். அவற்றில் ஒன்றும் போடவில்லை.

ஒரு நாள் பேராசிரியர் எல்லார் முன்னாலும் என்னைப் பொறுமையில்லாதவன் என்றார். மறுநாள் நான் போகவில்லை. மூன்று முறை ஆள் அனுப்பினார். போகவில்லை. மூன்றாவது நோட்டு அவர் மேசையில் இருந்தது. அதைத் தூக்கிச் சென்னியப்பனிடம் கொடுத்துவிட்டார். பிறகு சென்னியப்பன் எனக்கு ஒரு இன்லேண்ட் கடிதம் போட்டான். நான் பிரிக்கவில்லை. திருடன் எழுதும் கடிதத்தில் என்ன இருக்கும்?

ஆய்வேடு வெளிவந்ததும் படித்தேன். நன்றியுரையில் பதினோராவது பெயர் என்னுடையது. அட்டவணை 4.3-ல் எண்கள் எல்லாம் என்னுடையவை. ஒரு கனமீட்டருக்குச் சிமெண்ட் 420 கிலோ, மணல் 640, கோலி 610, தண்ணீர் 160 லிட்டர். தலையிலிருந்த ‘உ’ மட்டும் இல்லை. நெற்றி நிறையப் பூசுகிறவன் அல்லவா, பிள்ளையார் சுழி என்று நினைத்து விட்டுவிட்டான். அதோடு ‘உலர்ந்த கோலி’ என்று சொந்தமாக ஒரு சொல்லையும் சேர்த்திருந்தான்.

கருஞ்சட்டைக்காரர் மகன் பிள்ளையார் சுழி போடுவானா? என் அப்பா பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளில்கூட அதைப் போட விட்டதில்லை.

அறுநூற்றுப் பத்து கிலோ காய்ந்த கோலி தொண்ணூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்த அட்டவணையை யாரும் கலக்கிப் பார்க்கவில்லை. மேற்கோள் காட்டினார்கள், மாலை போட்டார்கள், முதல்வராக்கினார்கள். இப்போது கலக்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பல் டாக்டர். ரூட் கேனால் செய்ய வேண்டுமாம், மூன்று தடவை வர வேண்டும். "இத்தனை நாள் எப்படிங்க பொறுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். நான் பொறுமையில்லாதவன் என்று பெயர்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மதியம் கோகிலவாணி வந்தாள். நான்கு வருடமாக இங்கே உதவிப் பேராசிரியை. பூலாம்பட்டியில் பரிசல் ஓட்டுகிறவர் மகள். நூலக மாடி வேலையை மேற்பார்வை பார்க்கிற பொறுப்பு அவள் தலையில். இந்தக் கல்லூரியில் என் அறைக்குள் நுழையும் முன் கதவைத் தட்டுகிற ஒரே ஆள்.

"சார், ஒரு நிமிஷம் இருக்குமுங்களா?"

"சொல்லு."

"எல்லாப் புஸ்தகத்துலயும் கோலிய ஒரு நாள் ஊறப் போடணும்னு இருக்குதுங்க. பிரின்சிபால் சார் தீசிஸ்ல மட்டும் உலர்ந்ததுன்னு போட்டிருக்குது. அவருகிட்டக் கேட்டா, ‘நான் போட்ட மிக்ஸுதானம்மா, நம்பிப் போடு’ங்கறாரு."

பிறகு பையிலிருந்து அதை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். பச்சை அட்டை, முனை மடங்கியது. என் மூன்றாவது நோட்டு. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

"டிபார்ட்மெண்ட் பீரோவுல அடியில கெடந்துச்சுங்க. அதே நம்பருங்க சார். கையெழுத்து உங்களுதுதானுங்களே?"

"ஆமா."

உங்கள் நோட்டு எப்படி அவர் ஆய்வேடானது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. இவளும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான்.

"பக்கத்துக்குப் பக்கம் மேல உ-ன்னு போட்டிருக்கீங்களே சார். ஊறினதுங்கறதுக்கு எதாச்சும் அடையாளமுங்களா? இல்ல, சும்மா பிள்ளையார் சுழியா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பிள்ளையார் சுழிதான்."

"நீங்க சாமி கும்பிட மாட்டீங்கன்னு நம்ம லேப் மாதையண்ணன் சொன்னாருங்க."

"அப்பக் கும்பிட்டேன்."

சிரித்தாள். "நல்ல வேளை கேட்டுட்டனுங்க சார். இல்லாட்டி மனசுல உறுத்திக்கிட்டே இருந்திருக்கும்."

தன் குறிப்பேட்டில் எழுதினாள். தலைகீழாகப் பார்த்தும் என்னால் படிக்க முடிந்தது: ‘உ என்பது பிள்ளையார் சுழி. அறவாழி சார் சொன்னது. 27.8.’

அப்பா செத்துப் பல வருடமாகிறது. ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்று மேலே காங்கிரீட். நல்ல நேரம் ஒன்பதரையாம். நான் விடுப்பு. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 31, சனி

கோகிலவாணி லேபுக்கு வந்து உட்காராமலே பேசினாள். குரல் கட்டிப்போயிருந்தது. நேற்று முழுக்கக் கத்தியிருக்கிறாள்.

"மெஷின்லருந்து கொட்டுனப்ப நல்லாத்தாங்க சார் இருந்துச்சு. பத்தே நிமிஷம், புட்டு மாவாட்டம் ஆயிருச்சு. வைப்ரேட்டரே உள்ள எறங்கல. மேஸ்திரி ஓஸப் புடுச்சு விட்டுட்டாரு. எவ்வளவு தண்ணின்னு கணக்கே இல்லைங்க. நிறுத்துங்கன்னேன். ‘ஏம்மா, வெய்யில்ல நிக்கறவனுக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா’ங்கறாரு."

"சென்னியப்பன்கிட்டச் சொன்னியா?"

"போன் பண்ணுனனுங்க. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, இன்னிக்கு நல்ல நாளு, நிறுத்தாத’ன்னாரு."

"அப்புறம் என்ன? அவர் மிக்ஸு. அவருக்குத் தெரியாதா?"

போய்விட்டாள். மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன். ஏழாம் நாள் க்யூப் நசுக்கும்போது பலம் ஒன்பது வரும், மிஞ்சினால் பத்து. இருபத்தெட்டாம் நாள் பதினைந்தைத் தாண்டாது. வேண்டியது இருபத்தைந்து. என் கையெழுத்தோடு ரிப்போர்ட் போகும். அட்டவணை 4.3-ஐக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னிடம் வர வேண்டும். அப்போது சொல்வேன், அந்த எழுத்து என்னவென்று.

தளத்தை இடிக்க வேண்டியிருக்கும். இடிக்கட்டும். அதற்குள் தளத்தைத் தாங்கும் முட்டுகளை யாரும் கழற்றப் போவதில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாது.

செப்டம்பர் 2, திங்கள்

உத்தரத்தின் பக்கப் பலகைகளைப் பிரித்திருக்கிறார்கள். கோகிலவாணி போனில் படம் காட்டினாள். நடு உத்தரத்தில் கையை விடலாம், அத்தனை பெரிய பொந்துகள். கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

"சிமெண்டுப் பால் விட்டுப் பூசிடு. எல்லா எடத்துலயும் வர்றதுதான்" என்றேன்.

"உள்ள எப்பிடி இருக்குதோன்னு பயமா இருக்குதுங்க சார். அந்தத் தட்டிப் பார்க்கற சுத்தியலக் குடுத்தீங்கன்னா மேல போயி அங்கங்க பாத்துருவேன்."

காங்கிரீட்டின் மேல் வைத்து அழுத்தினால் அதன் பலத்தைத் தோராயமாகக் காட்டும் சுத்தியல். என் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"சர்வீசுக்கு அனுப்பியிருக்கு" என்றேன்.

இப்போது வெளிப்பட்டால், வேலை செய்யத் தெரியாத பெண் கெடுத்துவிட்டாள் என்று முடித்துவிடுவார்கள். ரிப்போர்ட் வர வேண்டும். எண் வர வேண்டும்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஏழாம் நாள்.

முதல் க்யூப் ஆறு கிலோ இருநூறு. வழக்கமான கருங்கல் க்யூப் எட்டுக்கு மேல் இருக்கும். மாதையன் தூக்கி வைத்தான். இருபத்திரண்டு வருடமாக என் லேப் உதவியாளர். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மெஷினை ஓட்டினேன். ஒன்பதைத் தாண்டியது. பதினைந்தைத் தாண்டியது. எடை குறைந்த காங்கிரீட் உடையும்போது விரிசல் கல்லைச் சுற்றிக்கொண்டு போகாது, கல்லையே பிளந்துகொண்டு நேராகப் போகும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது வந்தபோது முள் 21.3-ல் நின்றது.

இரண்டாவது 20.9. மூன்றாவது 21.6.

"மாதையா, இந்த க்யூப எங்க போட்ட?"

"இங்கதானுங்க சார். மேல ஆளு ஏறி எறங்கவே எடமில்ல. எப்பவும் போல சாமானக் கொண்டாந்து கீழயே கலக்கிட்டனுங்க."

விதிப்படி, மேலே கொட்டுகிற கலவையிலிருந்தே க்யூப் எடுக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் யாரும் எடுப்பதில்லை. மோல்டைப் படியேற்றச் சோம்பல்; லேபில் தனியாகக் கலந்து போடுவது வழக்கம். இத்தனை வருடம் நானும் கண்டுகொண்டதில்லை.

"கோலி?"

"மொத நாளே நாலு சட்டி வாங்கியாந்து தொட்டியில ஊறப் போட்டுட்டனுங்களே. நீங்க வந்த புதுசுல சொன்னதுங்க. ‘ஊறாத கோலியக் கலக்கறவன் கைய ஒடிப்பேன்’னு. மறப்பனுங்களா?" என்று தன் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். "ஒடியாம இருக்குது பாருங்க."

மேலே இருப்பது சென்னியப்பனின் கலவை. கீழே நசுங்கியது என்னுடையது. மூன்றாவது நோட்டில் ஏழாம் நாளுக்கு நான் எழுதிய எண்: 21.4.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. விடுமுறை. மாதையன் மனைவி செய்த கொழுக்கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். வலிக்காத பக்கமாக மென்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

சென்னியப்பன் லேபுக்கே வந்துவிட்டான். லட்டு.

"பாத்தியாப்பா அறவாழி! இருவத்திரண்டு வருசங் கழிச்சும் நம்ம மிக்ஸு நிக்குது பாரு. அந்தப் புள்ள வேற என்னமோ பயந்துக்கிட்டுக் கெடக்குது. நீயாச்சும் சொல்லு அதுக்கு."

"சொல்றேன்."

"நம்ம ரெண்டு பேரு பேரும் போட்டு ஒரு கட்டுரை எழுதலாமுன்னு பாக்கறேன். நீ என்ன சொல்ற?"

லட்டை மேசை ஓரத்தில் வைத்தேன். அவன் பெயருக்குக் கீழே என் பெயர். நன்றியுரையில் பதினொன்றிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

பல், இரண்டாம் தடவை. நரம்பை எடுத்துவிட்டார். இனி அந்தப் பல்லில் வலி இருக்காதாம். பார்வைக்கு முழுப் பல்லாகவே இருக்கும்.

செப்டம்பர் 18, புதன்

இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மேலே போட்டது வேறு, கீழே நசுக்கியது வேறு என்று. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். கோகிலவாணியின் குறிப்பேட்டில் 27.8 என்று தேதி இருக்கிறது.

தவறு செய்தவன் நான் இல்லை. நோட்டைக் கொடுத்தவர், எடுத்தவன், ‘உலர்ந்த’ என்று கேட்காமல் சேர்த்தவன், ஓஸைப் பிடித்தவன். இத்தனை பேருக்குப் பிறகு கடைசியில் வந்து நின்று நான் மட்டும் யோக்கியனாக இருக்க வேண்டுமாம்.

கோகிலவாணி மறுபடி சுத்தியல் கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

இருபத்தெட்டாம் நாள். 31.2, 30.7, 31.5.

ரிப்போர்ட் எழுதினேன். நான் எழுதியதில் பொய் இல்லை. இந்த மூன்று க்யூப்களும் இவ்வளவு தாங்கின. அவை எந்தக் கலவை என்று படிவத்தில் கட்டம் இல்லை.

கோகிலவாணி ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தாள். "அப்ப நான்தாங்க சார் வீணாப் பயந்துட்டனுங்களா?"

"ஆமா."

அவள் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம். முட்டுகளைக் கழற்றும் அனுமதிச் சீட்டில் அங்கேயே, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பர் 30, திங்கள்

காலை பத்து மணிக்கு முட்டுக் கழற்றுகிறார்கள். லேப் சார்பில் யாராவது நிற்க வேண்டும் என்று சென்னியப்பன் சொல்லி அனுப்பினான். எனக்குப் பல் டாக்டரிடம் மூன்றாம் தடவை. மாதையனைப் போகச் சொன்னேன்.

"போறனுங்க சார். நம்ம க்யூபு முப்பத்தொண்ணு. ஆனையே மேல நின்னாலும் தாங்குமுங்க."

இதை எழுதும்போது மணி மாலை ஐந்து. பல் டாக்டரின் நாற்காலியில் இருந்தபோது போன் வந்தது. கோகிலவாணி. என்ன சொல்கிறாள் என்றே முதலில் புரியவில்லை. பின்னால் ஒரே கூச்சல்.

"நடு உத்தரம் வுட்டுருச்சுங்க சார்... கடைசி வரிசை முட்டு எடுக்கையில... மாதையண்ணன் உள்ள இருக்காருங்க சார்... ஆளுகள வெளிய தள்ளிட்டு அவரு... சார்? சார், இருக்கீங்களா?"

ஊசி போட்டு வாய் மரத்திருந்தது. ஹலோகூடச் சொல்ல வரவில்லை.

கல்லூரிக்குப் போனதும் பீரோவில் பூட்டியிருந்த சுத்தியலை எடுத்து லேபில் அதன் வழக்கமான இடத்தில் வைத்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

மாதையனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கோகிலவாணி பணி இடைநீக்கம். காவல் நிலையத்தில் மேற்பார்வையாளர் என்று அவள் பெயர்தான் எழுதப்பட்டிருக்கிறது. விசாரணைக்கு வெளியிலிருந்து மூன்று பொறியாளர்கள் வருகிறார்கள்.

மோட்டார் சரியாக ஓடுகிறது.

அக்டோபர் 4, வெள்ளி

மருத்துவமனைக்குப் போனேன். கமலா ஆரஞ்சு அரை டஜன் வாங்கிக்கொண்டேன். மாதையன் மனைவியை மருந்து வாங்கி வர அனுப்பிவிட்டு அருகில் உட்கார்ந்தேன்.

"நம்ம க்யூபு முப்பத்தொண்ணு தானுங்களே சார்?"

"ஆமா."

"அப்புறம் ஏனுங்க உழுந்துச்சு?"

"மேல போட்டதுல கோலி ஊறல மாதையா. காஞ்ச கோலி. நீ போட்டதுல மட்டும் ஊறியிருந்துச்சு."

கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். அவன் யோசிப்பதற்கு நேரம் கொடுத்தேன்.

"ஊறாமப் போட்டிருந்தா என்னுங்க ஆயிருக்கும்?"

"க்யூபு ஃபெயிலாயிருக்கும். முட்டக் கழட்டியே இருக்க மாட்டாங்க."

"அப்ப... என்னாலதானுங்களா?"

ஆரஞ்சை உரித்து, நாரை எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவன் கையில் வைத்தேன். நான் அவனிடம் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"யாரு கேட்டாலும் ஊறப் போட்டேன்னு சொல்லாத. எல்லாம் உன் தலையில வந்துரும்."

"சொல்ல மாட்டனுங்க சார்." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இத்தன செஞ்சும் நீங்க என்னயக் காப்பாத்தறீங்களே சார்."

அக்டோபர் 8, செவ்வாய்

விசாரணை. முதல்வர் அறையில் நீள மேசை. சென்னியப்பன் பத்து வயது கூடியவன் போல் இருந்தான். "கலவையில தப்பில்லைங்க. க்யூபு முப்பத்தொண்ணு வந்திருக்குது, அறவாழி கையெழுத்து இருக்குது. போட்ட எடத்துலதான் என்னமோ..." என்று சொல்லிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். கோகிலவாணி பக்கம் திரும்பவில்லை.

அவள் பச்சை நோட்டை மேசையில் வைத்தாள். தன் குறிப்பேட்டையும் வைத்தாள்.

"கலவையிலதாங்க தப்பு. இந்த உ-ங்கறது ஊறினதுன்னு அடையாளம்னு எனக்கு இப்பத் தோணுது. நான் கேட்டப்ப சார் பிள்ளையார் சுழின்னாரு. இருவது வருசத்துக்கு மேல ஆச்சுங்க, அவருக்கு மறந்திருக்கும்."

மூவரில் மூத்தவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "என்னங்க அறவாழி, இந்த எழுத்து என்ன?"

"பிள்ளையார் சுழிங்க."

"ஒன்னு பண்ணலாமுங்க சார்" என்றாள் கோகிலவாணி. "மொத்தம் ஏழு நோட்டு. இதோட அட்டையில ‘ஏழில் மூன்றாவது நோட்டு’ன்னு போட்டிருக்குது. மத்த ஆறும் சார்கிட்டத்தான் இருக்கும். அதுலயும் எல்லாப் பக்கத்துலயும் உ இருந்தா, சுழிதான், நான் ஒத்துக்கறேன், தப்பு என்னுதுதான். இதுல மட்டும் இருந்தா அது வேற என்னமோ. அட்டவணையே தப்பு."

புத்திசாலி. பதினாலு பேர் வேலை செய்கிற துறையில் இந்த ஒருத்திக்குத்தான் அது தோன்றியிருக்கிறது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஆறு நோட்டுகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவற்றை வைத்துத்தான் முடிவு. அவள் வேலையும் வழக்கும் அதில் இருக்கின்றன.

வராந்தாவில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். வேட்டியைத் தழைத்து விட்டுக்கொண்டு என்னைக் கும்பிட்டார். கோகிலவாணி கிட்டே வந்தாள்.

"பழைய நோட்டு, பத்திரமா இருக்குமுங்களா சார்? தேடிப் பாத்துக் கொண்டாந்துருவீங்கதானுங்களே?"

"கொண்டாறேன்மா."

அவளுக்கு இன்னமும் நான் மறந்துவிட்டேன் என்றுதான் நினைப்பு.

உ

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. இன்றைக்கு ஊரில் யாரும் புத்தகத்தைத் தொட மாட்டார்கள், எழுத மாட்டார்கள். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. லேபில் நசுக்கும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, மாதையன் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆள் பொரி கொடுத்தான். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆறு நோட்டுகளையும் பரணிலிருந்து இறக்கினேன். எழுதிய பக்கங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ராயல் ப்ளூ இங்க் புதிதாக வாங்கியது கண்ணைப் பறித்தது. பழைய எழுத்தின் நிறம் வர விகிதம் பார்க்க வேண்டியிருந்தது. பத்துச் சொட்டு இங்க், நாலு சொட்டுத் தண்ணீர்: வெளுப்பு. மூன்று சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டுத் தேநீரும்: கொஞ்சம் கருப்பு. மூன்றாவது கலவை பொருந்தியது. விகிதம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

மொட்டைமாடியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போட்டேன். போட்டுப் போட்டு வெயிலில் காயவைத்தேன். இருநூற்றைத் தாண்டியதும் கை பழகிவிட்டது. பக்கத்தைப் புரட்டினால் தானாகப் போய் மேலே சுழித்தது.

ஆறாவது நோட்டிலிருந்து அந்த இன்லேண்ட் கடிதம் விழுந்தது. ஒட்டியபடியே இருந்தது. இவ்வளவு ஆன பிறகு என்ன என்று கிழித்துப் படித்தேன்.

‘அன்புள்ள அறவாழிக்கு, பேராசிரியர் உன் நோட்டை என்னிடம் கொடுத்து நீயே எழுதி முடி என்கிறார். எனக்கு மனமில்லை. நீ வா. வந்தால் இது உன்னுடையது, நான் வேறு தலைப்பு பார்த்துக்கொள்கிறேன். வராவிட்டாலும் ஒரு சந்தேகத்துக்காவது பதில் போடு. எல்லாப் பக்கத்தின் தலையிலும் உ என்று இருக்கிறது. சுழி போட்டால் உன் அப்பா கையை முறித்துவிடுவாரே, அதனால் வேறு ஏதோ குறி என்று படுகிறது. கோலி ஊறியதா, உலர்ந்ததா? தெரியாமல் எழுதப் பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுது, போதும். சென்னி.’

தேதி பார்த்தேன். ஆய்வேடு தருவதற்கு ஏழு மாதத்துக்கு முன்னால். ஏழு மாதம் காத்திருந்திருக்கிறான்.

இன்னும் எழுபது பக்கம் மிச்சம் இருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, இங்க் சீக்கிரம் காயவில்லை. கடிதத்தை இரண்டாக மடித்து ஒற்றுத்தாளாக வைத்துக்கொண்டேன். நன்றாகவே உறிஞ்சியது. இப்போது அவன் எழுத்தின் மேலெல்லாம் திரும்பி நிற்கும் உ, உ, உ.

நோட்டுகளைக் கட்டிப் பையில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை பதினொரு மணி. பல் வலி அறவே இல்லை.

எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்க்கிறேன். இந்தப் பக்கத்துக்கும் கை தானாகவே போட்டிருக்கிறது.